வந்தேறிகள் கொண்டு வந்த நோயா?



"வங்களாதேசிகள் வந்தார்கள், நோயும் வந்தது." கடைத்தெருவிலும் பஸ் நிலையத்திலும் நம்மவர்களே பேசும் பேச்சு இது. சற்று நிதானியுங்கள். "வந்தேறி" என்ற சொல் நம் மீதும் வீசப்பட்டதுதான்.

கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ் பி கிருமியை எடுத்துக்கொள்வோம். அதில் ஏ, பி, சி, டி எனப் பல வகைகள் உண்டு. மனிதன் போன இடமெல்லாம் அதுவும் கூடவே போயிருக்கிறது. சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் பி, சி வகைகள் அதிகம். இந்தியாவில் டி, ஏ வகைகள். மலேசிய ஆய்வுகளில் சீனரிடமும் மலாய்க்காரரிடமும் பி, சி வகைகளும், டி வகை பெரும்பாலும் இந்தியரிடமும் காணப்பட்டன.

ஏன்? 1910 வரை சஞ்சிக்கூலிகளாகவும், 1938-இல் இந்தியா தடை போடும் வரை கங்காணிகள் மூலமும் நம் முன்னோர்களைக் கப்பலேற்றினார்கள். ரப்பர் லாபத்துக்காக நடந்த அந்தப் பயணத்தின் தடம் கிருமியின் மரபணுவிலும் பதிந்திருக்கிறது. பிரேசிலில் காணப்படும் ஏ1 என்ற ஆப்பிரிக்கக் கிளைவகை, அடிமைக் கப்பல்களின் தடம். ஏற்றியவன் எஜமானன், பழி சுமப்பவன் கூலியா?

இன்னொன்றையும் கவனியுங்கள். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இதற்கான தடுப்பூசி 1989-இல் தொடங்கியது, சிங்கப்பூரில் 1987-இல். வங்காளதேசத் தொழிலாளர்கள் இங்கே பெருமளவில் வந்தது 1990-களில். அவர்கள் வருமுன்பே கிருமி இங்கே இருந்தது!

கிருமியின் வகை அது வந்த வழியைத்தான் காட்டும். பக்கத்து வீட்டுக்காரரைக் குற்றவாளியாக்காது. ஒன்றாகச் சாப்பிடுவதால், கைகுலுக்குவதால் இது தொற்றாது. இரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தை ஆகிய வழிகளில்தான் தொற்றும். அப்படியிருக்க, கிருமி உள்ளவரை வேலையிலிருந்து விரட்டுவதும், சம்பந்தம் பேசி முறிப்பதும், பரிசோதனையில் தேறாத வெளிநாட்டுத் தொழிலாளியைச் சிகிச்சையின்றித் திருப்பி அனுப்புவதும் என்ன நியாயம்? எல்லா மனிதரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது மலேசிய அரசியலமைப்பின் 8(1) பிரிவு. குடிமக்கள் மட்டும் என்று அங்கே எழுதவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். 1989-க்கு முன் பிறந்தவரா? ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பல ஆண்டுகள் அறிகுறியே தெரியாமல் கல்லீரலைக் கெடுத்து, புற்றுநோய் வரை கொண்டுபோகும் கிருமி இது. மருந்தால் கட்டுப்படுத்தலாம். கர்ப்பிணிகள் கட்டாயம் பரிசோதியுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஊசி போடப்பட்டதா என்று கேளுங்கள். கிருமி இருப்பதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தினால், எதிலும் கையெழுத்துப் போடாமல் முதலில் சட்ட ஆலோசனை பெறுங்கள்.

நோய்க்கு மருந்து கேட்போம். மனிதன் மீது பழி போடுவதை நிறுத்துவோம். நேற்று நாம் வந்தோம், இன்று அவர்கள் வருகிறார்கள். உரிமை இருவருக்கும் ஒன்றே!