உத்தரவாதம் சலுகையன்று, உரிமை

வாகன இறக்குமதிக்கு 2020 மார்ச்சு மாதத்தில் விதிக்கப்பட்ட தடை, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் நீக்கப்பட்டது. அதனை அடுத்து மலைநாட்டுப் பாதைகளில் மீண்டும் புதிய கார்கள் ஓடத் தொடங்கியுள்ளன. அவற்றோடு பழைய முறைப்பாடுகளும் திரும்பி வந்துள்ளன. பெருந்தொகை கொடுத்து வாங்கிய வண்டி சில மாதங்களுக்குள் கராஜிற் படுத்து விடுகிறது. உத்தரவாதப் பத்திரத்தைக் காட்டினால், இப்பழுது அதில் அடங்காது என்ற பதில் கிடைக்கிறது. இந்நிலையில் வாங்கியவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு யாது, தராதது யாது என்பதை ஆராய்வது நமது கடமையென்று கருதுகிறோம்.

லயத்துக் கூரை ஒழுகும் நாட்டிற் சொகுசுக் காரின் பழுதுக்கு ஒரு தலையங்கமா என்று வாசகர்களிற் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் கோடிக்கணக்கில் கொடுத்துக் கார் வாங்கியவரையும், கடன்பட்டு நீரிறைக்கும் இயந்திரம் வாங்கிய விவசாயியையும் காப்பது ஒரே சட்டமே. வழக்கறிஞரை அமர்த்த வசதியுள்ளவருக்கே அச்சட்டம் கை கொடுக்கவில்லையெனில், லீக்சும் கரட்டும் விற்று லொறிக்குத் தவணை கட்டுபவரின் கதி என்னாகும்?

அன்றியும், சொகுசு என்பது இந்நாட்டிற் பெரும்பாலும் தீர்வையினாற் பிறக்கிறது. யப்பானில் நடுத்தரக் குடும்பம் ஓட்டும் சாதாரண வண்டி, சுங்கத் தீர்வையையும் உற்பத்தித் தீர்வையையும் பிற வரிகளையும் சுமந்து இங்கு வந்து சேரும்போது, ஒரு வைத்தியரின் பல்லாண்டுச் சேமிப்பை விழுங்கும் பொருளாகி விடுகிறது. அரசாங்கம் அதனைச் சொகுசுப் பொருளென்று கருதி வரி வாங்குகிறது. அப்பொருள் பழுதுபட்டால் வாங்கியவருக்கு என்ன வழி என்பதில் அதே அக்கறையை நாம் காணவில்லை.

நமது மலைப்பாதைகள் வண்டியின் குணத்தை விரைவில் வெளிப்படுத்தி விடுகின்றன. கொழும்பிற் கடல்மட்டத்தில் ஓடிய வண்டி, நுவரெலியாவை அடையும்போது 6,000 அடிக்கு மேல் ஏறியிருக்கிறது. வட்டகொடை, தலவாக்கலை, நானுஓயாப் பக்கத்து வளைவுகளில், முன்னே செல்லும் லொறியின் பின்னால் ஊர்ந்து ஏற வேண்டும். சில கலப்பு எரிசக்தி வண்டிகளில் உள்ள உலர்ந்த வகை இரட்டைக் கிளட்சுக்கு, சூட்டைத் தணிக்கும் எண்ணெய்க் குளியல் இல்லை. ஊர்ந்து ஏறும்போது அது இடைவிடாது உராய்ந்து சூடேறுகிறது. சமதரையில் ஆண்டுக்கணக்காக மறைந்திருக்கக்கூடிய குறை, இங்கு ஒரு பருவத்துக்குள் வெளிவந்து விடுகிறது.

2013 ஆம் ஆண்டில் யப்பானில் விற்பனைக்கு வந்த ஹொண்டா பிட் கலப்பு எரிசக்தி வண்டி, கியர்ப்பெட்டிக் கட்டுப்பாடு உள்ளிட்ட குறைகளுக்காக ஏறத்தாழ ஓராண்டுக்குள் ஐந்து முறை திருத்தத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டது. 2014 அக்டோபரில் அந்நிறுவனத்தின் தலைவரும் உயர் அதிகாரிகளும் சம்பளக் குறைப்பை ஏற்றுக்கொண்டனர். யப்பானிய உரிமையாளருக்கு அறிவித்தல் முறைப்படி செல்கிறது. ஏலத்தில் விலைபோய், ரீகண்டிஷன் வண்டியாக நம் துறைமுகத்தில் இறங்கியதற்கு யார் அறிவிப்பது? இறக்கியவர் உற்பத்தியாளரின் முகவர் அல்லர். முகவரோ, தாம் விற்காத வண்டி என்கிறார். பல நாடுகளில் உயிர்களைப் பலிகொண்ட டக்காட்டா காற்றுப்பைகளை நினைப்போர், இது பணத்தோடு முடியும் விடயமன்று என்பதை உணர்வர்.

முகவரிடமே புதிதாக வாங்கியவருக்கும் முழு நிம்மதி இல்லை. பழுதுபட்ட வண்டியை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோகும் செலவு அவருடையது. உதிரிப்பாகம் கப்பலில் வரும்வரை வண்டி கிடக்கிறது. லீசிங் தவணையோ ஒரு மாதமும் காத்திருப்பதில்லை. ஊரில் நம்பிக்கையான மெக்கானிக்கிடம் ஒருமுறை எண்ணெய் மாற்றினாலும் உத்தரவாதம் போய்விடும் என்று அச்சுறுத்தப்படுகிறார். இந்நிபந்தனைகள் யாவும் அவர் கையொப்பமிட்ட ஆங்கிலப் பத்திரத்தின் பொடி எழுத்துக்களில் உள்ளன.

இவ்விடத்திற் சட்டத்தின் நிலையை நோக்குவோம். 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1893 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவியது. தமக்கு எதற்காகப் பொருள் வேண்டும் என்பதை அறிவித்து, விற்பனையாளரின் திறமையை நம்பி வாங்குபவருக்கு, அது அந்நோக்கத்துக்குப் பொருந்தும் என்ற நிபந்தனையை அச்சட்டம் தானாகவே வழங்குகிறது. 1925 ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளிற் பதிவான போல்ட்ரி எதிர் மார்சல் என்ற ஆங்கில வழக்கில், சுகமாகச் சுற்றுப்பயணம் செய்ய ஒரு கார் கேட்டவருக்குப் புகாட்டி விற்கப்பட்டது. அது அதற்குப் பொருந்தவில்லை. வேறு உத்தரவாதம் எதுவும் இல்லையென ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும், அவ்வாசகம் அடிப்படை நிபந்தனையை அழிக்காதென நீதிமன்றம் தீர்த்தது.

1960 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி உயர்நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்றது. 468 மைல் மட்டுமே ஓடிய புதிய பிளிமத் கார் பாதையை விட்டு விலகிச் சுவரில் மோதியது. 90 நாட்களுக்கோ 4,000 மைலுக்கோ பழுதான பாகத்தை மாற்றித் தருவதோடு தம் பொறுப்பு முடிந்ததென்ற வாதத்தை மன்று தள்ளி, உற்பத்தியாளரையும் விற்பனையாளரையும் பொறுப்பாக்கியது. பின்னர் 1987 ஆம் ஆண்டின் ஆங்கில சட்ட அறிக்கைகளிற் பதிவான ரேஞ்ச் ரோவர் வழக்கில், உற்பத்தியாளரின் உத்தரவாதம் வாங்குபவரின் உரிமையைக் கூட்டலாமேயன்றிக் குறைக்க முடியாதென்ற கொள்கை உறுதியாயிற்று. நாம் வலியுறுத்துவதும் இதுவே. கொம்பனி தரும் பத்திரம் சட்டம் தரும் உரிமைக்கு மேலதிகமானது, அதற்குப் பதிலானதன்று.

நம் நாட்டிலும் சட்டங்கள் இல்லாமலில்லை. பொறுப்பை எழுதிக் கழற்றிக்கொள்ளும் வழக்கத்தைக் கட்டுப்படுத்த 1997 இல் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய சட்டம் வந்தது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை நிறுவியது. உத்தரவாதத்துக்கு மாறான பொருளைப் பற்றி விசாரித்து, நட்டஈடோ, மாற்றுப் பொருளோ, பணத்தைத் திருப்பிக் கொடுப்பதோ கட்டளையிடும் அதிகாரம் 13 ஆம் பிரிவின்கீழ் அச்சபைக்கு உண்டு. ஆனால் அப்பிரிவிலேயே ஒரு முள்ளும் உண்டு. விற்பனை நடந்த அல்லது சேவை வழங்கப்பட்ட 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். மூன்றாண்டு உத்தரவாதத்துடன் விற்ற வண்டி நான்காம் மாதத்தில் பழுதுபட்டால், அவ்விற்பனை பற்றிய முறைப்பாட்டுக்குக் கதவு அடைபட்டிருக்கிறது. இது எவ்வகை நீதி?

அண்டை நாடான இந்தியாவில் நுகர்வோர் மன்றங்களுக்கு 1986 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் மட்டும் போதாதென்பதற்கு அங்கும் சான்றுண்டு. 2009 செப்டெம்பரில் ஒரு நிறுவனம் வாங்கிய பீ.எம்.டபிள்யூ. கார் சில தினங்களில் குறைகாட்டியது. அது குற்றவியல் முறைப்பாடாகி, உயர் நீதிமன்றம் சென்று, இறுதியில் உச்ச நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்குமாறு தீர்த்தது 2024 யூலையில்! வசதிபடைத்த நிறுவனமே ஏறத்தாழ 15 ஆண்டு காத்திருந்தது. விவசாயி அத்தனை காலம் காத்திருப்பாரா?

ஆகவே அரசாங்கத்தின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறோம். முதலாவதாக, 3 மாதக் காலவரையறை உத்தரவாதக் காலம் முழுவதற்கும் நீடிக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, உத்தரவாதப் பத்திரம் வாங்குபவர் விரும்பும் மொழியில், தமிழிலும், வழங்கப்பட வேண்டும். மூன்றாவதாக, ரீகண்டிஷன் வண்டியை இறக்கி விற்பவர் ஒரு குறைந்தபட்ச உத்தரவாதம் கொடுக்கவும், உற்பத்தியாளரின் திரும்பப்பெறும் அறிவித்தல்களை உரிமையாளருக்குத் தெரிவிக்கவும் கடமைப்பட வேண்டும். நான்காவதாக, மலைநாட்டு முறைப்பாடுகள் மலைநாட்டிலேயே, தமிழில், குறித்த காலத்துக்குள் விசாரிக்கப்பட வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை வாங்குவோரும் வாளாவிருத்தல் ஆகாது. வண்டி எப்பாதையில், எச்சுமையுடன் ஓட வேண்டும் என்பதை வாங்குமுன் எழுத்தில் அறிவியுங்கள். பழுதை வாய்மொழியாகச் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். திகதியிட்டு எழுதி, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். தவறிய திருத்தமும் ஒரு சேவையே என்பதாலும், சேவை பற்றிய முறைப்பாட்டுக்கும் 3 மாதமே உண்டென்பதாலும், தாமதமின்றி அதிகார சபைக்கு எழுதுங்கள்.

காருள்ளவர் தனியே முறையிட்டு ஓய்ந்துபோவதும், விவசாயி முறையிடாமலே ஓய்ந்துபோவதும் விற்பவருக்கே இலாபம். இருவரும் ஒரே கோரிக்கையிற் கையொப்பமிடுவாராயின், பாராளுமன்றம் செவிசாய்த்தே ஆக வேண்டும். அதற்கான முயற்சியை வைத்தியரும், ஆசிரியரும், தோட்ட உத்தியோகத்தரும், மரக்கறி விவசாயிகளும் ஒன்றுகூடி இம்மலையிலிருந்தே தொடங்குவார்களாக!