சங்கிலியைக் கழற்றுமுன்

பந்தலூர்ப் பக்கத்து அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில், 1964-ஆம் வருஷ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் பல உண்டு. தாத்தா ஒரு பாஸ்போர்ட்டை நம்பித் தலைமன்னாரில் கப்பலேறினார். இன்று பேத்தி, "கனடாவுக்குப் படிக்கப் போகிறேன்" என்கிறாள். போகட்டுமே! பெண் படித்தால் யாருக்கு நஷ்டம்?

ஆனால், அதற்காகக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றுமுன் ஒரு விஷயம். படிக்க அனுமதி கிடைப்பது வேறு. படித்து முடித்தபின் அங்கே வேலை பார்க்க அனுமதி கிடைப்பது வேறு. முன்னதைப் பற்றி ஏஜெண்டுகள் வாய் வலிக்கப் பேசுவார்கள். பின்னதைக் கேட்டாலோ, "அப்புறம் பார்த்துக்கலாம் அம்மா!" அப்புறம் பார்த்துக்கொள்ள முடியாது, அம்மா. அரசாங்கக் கல்லூரியின் பாடத்தைத் தனியார் கல்லூரி வாங்கி நடத்துகிறதே, அந்த வகுப்புகளில் 2024 மே 15 முதல் சேர்ந்தவர்களுக்கு அந்த வேலை அனுமதியே கிடையாது. டிப்ளமா என்றால் பாடமும் அவர்கள் பட்டியலில் இருக்கவேண்டும். பட்டப் படிப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. அனுமதியும் ஆயுளில் ஒரே தடவைதான். அதிகம் போனால் 3 வருஷம். படிப்பு முடிந்த 180 நாளுக்குள் மனுப் போட்டாகவேண்டும்.

அங்கே போய்ச் சம்பாதித்துச் சம்பளம் கட்டிவிடலாம் என்பதும் வெறும் பேச்சு. கல்லூரி நடக்கும் நாட்களில் வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம்.

கல்லூரியின் பெயரையும் பாடத்தின் பெயரையும் ஏஜெண்டிடம் எழுதி வாங்குங்கள். கனடா அரசாங்கத்தின் இணையதளத்தில் உங்கள் பெண்ணையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அகப்படவில்லையா? முன்பணம் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.