கிருபையும் வதிவிட அனுமதியும்

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் கூடும் செபக்கூட்டங்களில் சாட்சி கூறும் வேளை என்று ஒன்று உண்டு. ஒருவர் எழுந்து தமது வாழ்வில் ஆண்டவர் செய்த நன்மையைச் சபையார் முன்னிலையில் எடுத்துரைப்பார். நோய் நீங்கியதைச் சொல்வோர் உளர். குடியை விட்டொழித்ததைச் சொல்வோர் உளர். அகதிக் குடும்பங்கள் கூடும் இடங்களில் அடிக்கடி கேட்கக் கிடைப்பது வதிவிட அனுமதி கிடைத்த சாட்சியாகும். இத்தனை நாள் உபவாசம் இருந்தோம், ஐயமின்றிக் கேட்டோம், விசா கிடைத்தது என்பார்கள். மண்டபம் அல்லேலூயா என்று அதிரும்.

நன்றி கூறுவதில் எமக்கு மறுப்பில்லை. ஆண்டுக்கணக்காகக் கடிதப்பெட்டியைத் திறக்க அஞ்சி வாழ்ந்த ஒரு குடும்பம், அச்சம் நீங்கிய நாளில் ஆண்டவரைத் துதியாமல் வேறென்ன செய்யும்? ஆனால் அதே மண்டபத்தின் பின்வரிசையில், அதே வாரம் நிராகரிப்புக் கடிதம் பெற்ற குடும்பமும் அமர்ந்திருக்கக்கூடும். அவர்களும் உபவாசம் இருந்தவர்களே. முன்னவரின் சாட்சியை அவர்கள் எவ்வாறு விளங்கிக்கொள்வார்கள்? எமது விசுவாசத்தில் ஏதோ குறை இருக்கின்றது, வீட்டில் அம்மா இன்னும் பிள்ளையாருக்கு விளக்கேற்றுவதுதான் தடையோ என்றெல்லாம் மனம் அலைபாயும். தாமாக அவ்வாறு எண்ணாதவர்களுக்கும் எடுத்துச் சொல்ல ஆட்கள் இருக்கின்றார்கள்.

இந்த எண்ணம் மனிதாபிமானத்துக்கு மட்டுமன்றி, கிறிஸ்தவ நம்பிக்கையின் அடித்தளத்துக்கே மாறானது என்பது எமது கருத்து.

கிருபை என்றால் என்ன? தகுதி பாராது அளிக்கப்படும் கொடை. எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், மீட்பு மனிதருடைய செயல்களால் ஈட்டப்படுவதன்று, எவரும் அதைக்கொண்டு பெருமை பாராட்ட இடமில்லை என்று ஐயத்துக்கிடமின்றிக் கூறுகின்றது. 1517ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர், பாவத்துக்குரிய தண்டனையைப் பணங்கொடுத்துக் குறைத்துக்கொள்ளலாம் என்ற வியாபாரத்தை எதிர்த்து எழுந்ததும் இதன் பொருட்டேயாகும். இன்று எம்மிடையே பணத்தின் இடத்தில் விசுவாசம் வைக்கப்படுகின்றது. இத்தனை நாள் உபவாசம், இத்தனை மணி நேரச் செபம், அதற்கு ஈடாக இன்ன நன்மை. விசுவாசம் கொடையை வாங்கிக்கொள்ளும் வெறுங்கை. அதை விலையாக மாற்றினால் கிருபை கூலியாகிவிடுகின்றது.

எம்மவர் இதில் எளிதாகச் சிக்குவதற்குக் காரணம் இல்லாமலில்லை. அகதி வாழ்வென்பது நிரூபிக்கும் வாழ்வு. பிறந்த பத்திரத்தை நிரூபிக்க வேண்டும். வந்த வழியை நிரூபிக்க வேண்டும். உடலிலுள்ள தழும்புக்குக் காரணம் காட்ட வேண்டும். முதல் விசாரணையில் சொன்ன திகதி இரண்டாம் விசாரணையில் மாறினால் அதுவே குற்றம். இவ்வாறு வாழ்ந்து பழகியவருக்குப் பரலோகமும் இன்னோர் அலுவலகமாகத் தோன்றுவதில் வியப்பென்ன? அங்கும் ஓர் அதிகாரி இருக்கின்றார், அவருக்கும் போதிய ஆதாரம் காட்ட வேண்டும் என்று நெஞ்சம் நடுங்குகின்றது. அந்த நடுக்கத்திலிருந்து விடுவிப்பதற்காகவே கிருபை என்ற சொல் அறிவிக்கப்பட்டது.

அலுவலக விடயம் வேறு. 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, இனம், மதம், தேசியம், குறிப்பிட்டதொரு சமூகக் குழுவைச் சார்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க காரணத்தோடு அஞ்சுபவரை அகதி என்கின்றது. ஒருவர் எவ்வளவு உருக்கமாகச் செபித்தார் என்பது அதில் கேட்கப்படவில்லை. நிராகரிப்புக் கடிதம் ஓர் அரசின் முடிவு. அதிலே தவறும் இருக்கலாம். அதனாலன்றோ மேன்முறையீடு என்ற ஒன்று வைக்கப்பட்டிருக்கின்றது. அதனைக் கடவுளின் கையொப்பமிட்ட கடிதமாக எவரும் வாசிக்க வேண்டியதில்லை.

வேதாகமத்தைப் பார்ப்போம். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுல், தமது மாம்சத்திலிருந்த ஒரு முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டதைச் சொல்கின்றார். முள் நீக்கப்படவில்லை. உமக்கு என் கிருபை போதும் என்ற பொருளிலேயே மறுமொழி வந்தது. விண்ணப்பம் மறுக்கப்பட்ட இடத்திலேதான் கிருபை என்ற சொல் வருகின்றது என்பதை எமது சாட்சிக் கூட்டங்கள் கவனிப்பதில்லை. அப்போஸ்தலர் நடபடிகளின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஏரோது அரசன் யாக்கோபை வாளால் கொல்கின்றான். அதே அரசன் சிறையிலிட்ட பேதுருவோ இரவோடிரவாக விடுவிக்கப்படுகின்றான். யாக்கோபின் விசுவாசம் குறைந்தது என்று சொல்ல எவர் துணிவார்? எபிரெயர் நிருபத்தின் பதினோராம் அதிகாரமும், விசுவாசத்தினால் வாளுக்குத் தப்பியோரையும் வாளால் மாண்டோரையும் ஒரே பட்டியலில் வைக்கின்றது.

பவுலின் வழக்கை எம்மவர் ஒருமுறை முழுமையாக வாசிக்க வேண்டும் என்று விரும்புகின்றோம். செசரியாவில் ஈராண்டு காவல். ஆளுநன் பேலிக்ஸ் கையூட்டு எதிர்பார்த்து விசாரணையை இழுத்தடிக்கின்றான். அடுத்து வந்த ஆளுநனிடம் பவுல் இராயருக்கு மேன்முறையீடு செய்கின்றார். அவ்வாறு செய்திராவிட்டால் விடுதலை பெற்றிருக்கலாமே என்று அகிரிப்பா அரசன் பின்னர் கூறுகின்றான். (எமது சட்டத்தரணிகள் சொல்வதும் சில வேளைகளில் இப்படித்தான் இருக்கின்றது.) கடற்பயணத்திலே கப்பல் உடைகின்றது. கடைசியில் உரோமாபுரியில், காவலனொருவனின் மேற்பார்வையில், வாடகை வீட்டில் மேலும் ஈராண்டு. தீர்ப்பு என்னவாயிற்று என்பதைச் சொல்லாமலே அந்நூல் முடிகின்றது. வழக்கு முடியாத அந்த வீட்டிலேயே அவர் வந்தவர்களையெல்லாம் வரவேற்றார், போதித்தார். புதிய வாழ்வு தொடங்குவதற்கு அவர் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை.

புதிய வாழ்வின் அடையாளத்தைக் காட்டச் சகேயுவின் கதை போதும். ஊரார் வெறுத்த வரி வசூலிப்போன் அவன். இயேசு அவனுடைய வீட்டில் தங்கப்போவதாக முதலில் அறிவிக்கின்றார். அதற்குப் பின்னரே அவன் தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், எவரிடமேனும் அநியாயமாகப் பறித்திருந்தால் நாலத்தனையாகத் திருப்புவதாகவும் சொல்கின்றான். ஏற்றுக்கொள்ளுதல் முந்தியது, மாற்றம் பிந்தியது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் பெயரை மாற்றுவதும், பொட்டை அழிப்பதும், பெற்ற தாயின் சுவாமிப்படத்தைக் குப்பையில் இடுவதும் இந்த வரிசையில் எங்கே வருகின்றன என்று நாம் கேட்கின்றோம். சைவரும் இறைவனின் ஐந்தொழில்களில் இறுதியாக அருளலை வைத்துப் போற்றுபவர்களே. அருளைப் பற்றி அவர்களோடு பேசலாம், அவமதிக்க வேண்டியதில்லை. தகுதியின்றிப் பெற்றவர் பிறரைத் தகுதியற்றவர் என்று சொல்லும் உரிமையை இழந்துவிடுகின்றார்.

சபைகள் எம்மவருக்குச் செய்யும் உதவிகளை மறந்து இதனை எழுதவில்லை. தனித்து வந்த இளைஞர்களுக்குச் சோறிட்டும், நோயாளருக்கு வைத்தியசாலையில் துணையிருந்தும் வருகின்ற சபையார் பலரை நாம் அறிவோம். அவர்களிடமே கேட்கின்றோம். நிராகரிப்புக் கடிதம் பெற்றவர்களையும் சாட்சி கூற அழையுங்கள். எழுந்து நின்று, எமக்கு விசா கிடைக்கவில்லை, ஆயினும் செபிக்கின்றோம் என்று அவர்கள் சொல்லட்டும். மேன்முறையீட்டுக்குக் குறிக்கப்பட்ட நாட்கள் சிலவே. இன்னும் ஏழு நாள் உபவாசம் இருங்கள் என்று போதகர் சொல்லி அனுப்புவதற்கு முன்னர், கடிதத்திலுள்ள திகதியைப் பார்க்கட்டும். மொழி தெரிந்த சபையார் ஒருவரைச் சேர்த்து அன்றே சட்டத்தரணியிடம் அனுப்பட்டும். உபவாசத்தை அதன் பின்னர் எல்லோரும் சேர்ந்தே இருக்கலாம்.