ஆறு ஏஜெண்டுகளும் ஒரு கங்காணியும்

பூண்டுலோயா நகரிலிருந்து மேலேறும் தோட்டப் பாதையோரத்தில் இருக்கிறது என் தங்கையின் வீடு. அண்மையில் அங்கு போயிருந்தபோது, வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதும் மருமகன் தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். கறுத்த திரை. அதில் ஆறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் எழுத்துகள் தாமாகவே ஓடிக்கொண்டிருந்தன.

"மாமா, இந்த ஆறு பேரையும் நான்தான் வேலை வாங்குறேன்" என்றான்.

குரலில் பெருமை இருந்தது. மூன்று தலைமுறையாக வேலை வாங்கப்பட்டவர்களின் வீடு அது. வேலை வாங்கும் முதல் ஆள் அவன். ஆகவே அன்று எதுவும் சொல்ல மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

விடயம் அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். 2025 பெப்ரவரியில் ஆந்த்ரோபிக் நிறுவனம் கிளோட் கோட் என்ற கருவியை வெளியிட்டது. ஏப்ரலில் ஓப்பன்ஏஐயின் கோடெக்ஸ் சிஎல்ஐ வந்தது, ஜூனில் கூகுளின் ஜெமினி சிஎல்ஐ. இவை கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு ஓய்ந்திருப்பவை அல்ல. டெர்மினல் எனப்படும் கட்டளைத் திரையில் குடியேறி, கோப்புகளைத் தாமே திறந்து, திருத்தி, சோதித்துப் பார்த்து, மறுபடியும் திருத்துபவை. ஏஜெண்டு என்று பெயர். ஒரு ஏஜெண்டு வேலை செய்யும்போது மனிதன் ஏன் சும்மா இருக்கவேண்டும் என்று இரண்டாவதைத் திறந்தார்கள், பிறகு மூன்றாவதை. எது முடித்தது, எது அனுமதிக்காகக் காத்து நிற்கிறது என்று தெரியாமல் திரை குழம்பியது. அந்தக் குழப்பத்துக்கு மருந்தாக வந்தவையே மருமகன் காட்டியது போன்ற மேசைக்கணினிச் செயலிகள். எல்லா ஏஜெண்டுகளும் ஒரே திரையில்; ஓரத்தில் பட்டியல்; ஒன்று தடைப்பட்டு நின்றால் அதன் கட்டம் ஒளிரும்.

உள்ளே இருப்பதில் பெரும்பகுதி புதிதுமல்ல. டெர்மினல் திரையைப் பல கூறாக்கும் டிமக்ஸ் 2007 இலேயே வந்துவிட்டது. ஒரே நிரல்தொகுதியைப் பல கோப்புறைகளில் தனித்தனிக் கிளைகளாகத் திறந்துவைக்கும் 'வேர்க்ட்ரீ' வசதி 2015 இல் கிட் என்ற கருவியில் சேர்ந்தது. ஒரு ஏஜெண்டு எழுதுவதை இன்னொன்று மிதிக்காதிருக்க இந்த ஏற்பாடு. மருமகன் இதை விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மலையில் கொழுந்தெடுக்கும் போது ஆளுக்கொரு நிரை பிடித்துக் கொடுப்பார்களே, அதேதான்! ஒருவர் நிரையில் மற்றவர் கை வைப்பதில்லை.

நிரை பிடித்துக் கொடுப்பவர் கங்காணி. ஆகவே மருமகனுக்குக் கிடைத்திருப்பது கங்காணி வேலை. (உயிருள்ள எங்கள் பெண்களை இயந்திரத்தோடு ஒப்பிடுகிறேன் என்று எவரும் கொள்ளவேண்டாம். நான் பேசுவது மேலே நிற்பவனைப் பற்றி.) ஆனால் இச்செயலிகளை விற்கிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை. 'நீ இனித் தொழிலாளியல்லன், துரை' என்ற தொனியிலேயே விற்கிறார்கள். துரைக்கும் கங்காணிக்கும் உள்ள வேறுபாடு கொழும்பிலிருப்பவருக்குத் தெரியாமலிருக்கலாம், தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தெரியும். துரை கணக்குக் கேட்பார். கங்காணி கணக்குக் கொடுக்கவேண்டும். தான் எடுக்காத கொழுந்துக்கும், தான் ஒடிக்காத கிளைக்கும் பொறுப்புச் சொல்லவேண்டியவர் அவர்.

மருமகனிடம் கேட்டேன்: "இந்த ஆறும் இன்றைக்கு எழுதினதில் நீ எவ்வளவு வாசிச்ச?"

"எல்லாத்தையும் வாசிக்க ஏலாது மாமா. டெஸ்ட் பாஸ் ஆனா அனுப்பிருவேன்."

"பிழைச்சா யார் பேர் வரும்?"

"என் பேர்தான்."

என் ஆட்சேபம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஏஜெண்டு ஆபத்தான ஒன்றைச் செய்யுமுன் அனுமதி கேட்கிறது. ஒன்றே ஒன்று கேட்டால் மனிதன் வாசித்துவிட்டு ஆம் என்பான். ஆறு மாறி மாறிக் கேட்டால் ஒளிரும் கட்டத்தை அணைப்பதற்காகவே ஆம் என்பான். சலித்துப்போனவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அனுமதியே கேட்காமல் ஓடவிடும் கட்டளை கிளோட் கோடில் இருக்கிறது. அதன் பெயரிலேயே 'ஆபத்தான முறையில்' என்ற சொல்லை அதைச் செய்தவர்கள் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு நேர்மை அவர்களிடம் இருக்கிறது, பயன்படுத்துபவர்களிடம்தான் இல்லை.

2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஜெண்டு என்ன செய்தது என்பதைப் பலரும் மறந்திருப்பார்கள். ஜேசன் லெம்கின் என்ற அமெரிக்கத் தொழில்முனைவர் எதையும் மாற்றவேண்டாம் என்று உத்தரவிட்டிருந்த வேளையில், அது அவருடைய தரவுத்தளத்தை அழித்துவிட்டது. பழையபடி மீட்க முடியாது என்றும் சொன்னது. அது பொய்யாயிற்று, மீட்க முடிந்தது. நிறுவனத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அவர் வேலை வாங்கிய ஒரு ஏஜெண்டுக்கே இந்தக் கதி என்றால் ஆறுக்கு?

வேகம் கூடுகிறதே என்பார்கள். அதே ஜூலையில் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. அனுபவமுள்ள 16 நிரலாளர்கள், 246 வேலைகள். கருவியோடு செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்தது. செய்து முடித்த பிறகும் அவர்கள் தாங்கள் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாகவே நம்பினார்கள். அவை 2025 தொடக்கத்துக் கருவிகள், அதன்பின் அவை முன்னேறியிருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் வேகத்தைத் தானே அளக்கத் தெரியாத மனிதன் முன்னேறிவிட்டானா?

பணம் எங்கே போகிறது என்றும் பார்க்கவேண்டும். அந்தக் காலத்துப் பெரிய கங்காணிக்கு, அன்றாடம் வேலைக்கு வந்த ஆள் தலைக்கு இவ்வளவு என்று காசு கிடைத்தது. ஆள் கூடினால் அவர் வருமானம் கூடும். அந்த ஆள் கடனில் மூழ்கினாலும் அவருக்குக் கவலையில்லை. கடனைத் தாளில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் ஆளை மாற்றிய துண்டு முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. இன்றைய கங்காணிக்குத் தலைக்காசு இல்லை. அது ஏஜெண்டை வாடகைக்கு விடுபவருக்குப் போகிறது. எத்தனை ஓடுகிறதோ அத்தனைக்கு மீட்டர் ஏறும். மாதம் 200 டொலர் திட்டங்கள் சாதாரணமாகிவிட்டன. ஏறத்தாழ 60,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்கூலியில் அப்போது 25 நாள் கொழுந்தெடுத்தால் 33,750 ரூபாய் கிடைத்தது. மருமகனுக்கு அதை நிறுவனம் கட்டுகிறது. தனியாகத் தொழில் பழக விரும்பும் அடுத்த லயத்துப் பிள்ளைக்கு யார் கட்டுவது?

அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. மருமகன் சேர்ந்த வருடம் அவனோடு பயிலுநர்களாக இன்னும் மூவரை எடுத்தார்கள். இப்போது எவரையும் எடுப்பதில்லையாம். பயிலுநர் செய்யும் சில்லறை வேலைகளை இந்தக் கட்டங்கள் செய்துவிடுகின்றனவாம்.

நான் பத்திரிகைக்குள் நுழைந்தது ஒப்புநோக்குநராக. ஈரம் காயாத அச்சுப் பிரதியில் எழுத்து எழுத்தாகப் பிழை தேடினேன். சலிப்பான வேலை, சொற்பச் சம்பளம். ஆனால் பிற்காலத்தில் ஒரு செய்தியைப் பார்த்த மாத்திரத்தில் 'இதில் ஏதோ இடிக்கிறது' என்று தோன்றிய அந்த உணர்வு அங்கேதான் முளைத்தது. மருமகனிடமும் அது கொஞ்சம் இருக்கிறது; நான்கு வருடம் கையால் எழுதிப் பிழைத்துத் திருந்தியவன். அவனுக்குப் பின் வருகிறவர்கள் நிரையில் இறங்காமலே கங்காணியாகவேண்டும். முத்தல் இலை எது என்று தொட்டறியாதவர் கூடையைப் பார்த்து என்ன சொல்லப்போகிறார்?

கருவியை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. தட்டச்சுப் பொறியிலிருந்து கணினிக்கு வந்தவன் நான், அழுதுகொண்டு வரவில்லை. எத்தனை ஏஜெண்டுகள் ஓடுகின்றன என்று பளிச்சிட்டுக் காட்டும் இச்செயலி, எழுதப்பட்டதில் எத்தனை வரியை மனிதன் வாசித்தான் என்று ஏன் காட்டவில்லை என்றே கேட்கிறேன். தோட்டத்தில்கூட கொழுந்தை நிறுக்காமல் பேர் போடுவதில்லை. ஏஜெண்டுகளின் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படும் நிறுவனங்கள் பயிலுநர் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இதையெல்லாம் தொலைபேசியில் மருமகனிடம் சொன்னேன். கோபிப்பான் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. இப்போது இரண்டு கட்டங்களையே திறக்கிறானாம், முழுவதையும் வாசித்துவிட்டே அனுப்புகிறானாம். மற்ற நான்கும் ஏன் சும்மா கிடக்கின்றன என்று மேலாளர் மின்னஞ்சலில் கேட்டிருக்கிறார். பதிலை எழுதி, ஆங்கிலத்தைத் திருத்தித் தரும்படி எனக்கு அனுப்பியிருந்தான். இரண்டு சொற்களை மட்டும் மாற்றினேன். போன திங்கட்கிழமை அனுப்பினான். மறுமொழி இன்னும் வரவில்லை.