முதல் கேமரா: புதுசா, பழசா?

கேமரா கடையில் வாங்க வந்தவரும் விற்பவரும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இரண்டுதான். "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்பது ஒன்று. "இது எத்தனை மெகாபிக்சல்?" என்பது இன்னொன்று. வாங்குபவர் என்ன மாதிரிப் படம் எடுக்கப் போகிறார், எத்தனை நாள் ஆர்வமாக எடுப்பார் என்ற மூன்றாவது கேள்வியை இருவருமே கேட்பதில்லை. பணம் வீணாவது அங்கேதான்!

கல்லூரியில் படிக்கும் ஒருவர் கையில் 20,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்தது கொஞ்சம், அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தது மீதி. அந்த வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. இவர் முன்னால் வழக்கமாக இரண்டு வழிகள் வைக்கப்படுகின்றன. ஒன்று, இணையக் கடைகளில் கிடைக்கும் "48 மெகாபிக்சல், 4கே, 16 மடங்கு ஜூம்" என்று பெட்டி முழுக்க எண்கள் அச்சடித்த, கேள்விப்படாத பெயர் கொண்ட சின்னக் கேமரா. இன்னொன்று, கையில் உள்ளதை முன்பணமாகக் கட்டிவிட்டு, மூன்று மடங்கு விலையுள்ள புதிய கேமராவை மாதத் தவணையில் எடுப்பது.

இரண்டுமே தவறான வழிகள். முதல் கேமரா வாங்குபவருக்கு ஏற்றது மூன்றாவது வழி: நல்ல நிறுவனத்தின் ஏழெட்டு ஆண்டு, பத்து ஆண்டு பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று. "செகண்ட் ஹேண்டா?" என்று முகம் சுளிப்பவர்கள் கீழே உள்ள கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

முதலில், போனே போதாதா?

பலருக்குப் போதும். உலகம் முழுக்க டிஜிட்டல் கேமரா விற்பனை உச்சத்தில் இருந்தது 2010-ல். ஜப்பானிய கேமரா நிறுவனங்களின் சங்கம் வெளியிட்ட கணக்குப்படி அந்த ஆண்டு சுமார் 12 கோடி கேமராக்கள் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. காணாமல் போனவற்றில் பெரும்பகுதி சட்டைப்பையில் போடும் சின்னக் கேமராக்கள். அவற்றின் வேலையைப் போன் எடுத்துக்கொண்டது. பெரிய நிறுவனங்களும் மலிவான சின்னக் கேமராக்களை ஏறக்குறைய கைவிட்டுவிட்டன.

ஆகவே செல்ஃபி, பிறந்தநாள், சுற்றுலாக் குழுப்படம் இவற்றுக்காக மட்டும் கேமரா தேடுபவர் எதையும் வாங்காமல் இருப்பதே லாபம். வீடியோதான் முக்கியம் என்பவருக்கும் இதுவே பதில். பழைய டிஎஸ்எல்ஆரை விட ஒரு சுமாரான போன், ஒரு ட்ரைபாட், ஒரு நல்ல மைக் அவருக்கு அதிகம் உதவும்.

போன் திணறும் இடங்களும் உண்டு. கல்லூரி விழாவில் மங்கலான மேடையில் ஆடுபவர், கபடி ஆட்டத்தில் பாய்ந்து பிடிப்பவர், ஏரியில் தூரத்தில் நிற்கும் கொக்கு. இன்னொன்று, வெளிச்சம் எப்படிப் படமாகிறது என்று கற்றுக்கொள்ள விரும்புபவர். போன் எல்லாவற்றையும் தானே முடிவு செய்துவிடுவதால் அதில் கற்க அதிகம் இடமில்லை. இவர்களுக்குத்தான் கேமரா.

மெகாபிக்சல் என்னும் மாயை

வழக்கமான 4x6 அங்குல பிரிண்ட் போட, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டால், 1800 பெருக்கல் 1200. அதாவது சுமார் 22 லட்சம் பிக்சல், 2.2 மெகாபிக்சல். சுவரில் மாட்டும் 8x12 அங்குலப் படத்துக்கு 8.6 மெகாபிக்சல். 4கே தொலைக்காட்சித் திரை முழுவதையும் நிரப்ப 8.3 மெகாபிக்சல். 12 மெகாபிக்சல் உள்ள பழைய கேமராவே ஒரு தொடக்கக்காரரின் எல்லாத் தேவைக்கும் போதும் என்பது இதிலேயே தெரிகிறது.

அப்படியானால் அந்த மலிவுக் கேமராவின் 48 எப்படி வந்தது? உள்ளே இருக்கும் சென்சார் அவ்வளவு பெரிய படத்தை எடுப்பதில்லை. எடுத்த சின்னப் படத்தின் புள்ளிகளுக்கு நடுவே, பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் கற்பனையாகப் புதுப் புள்ளிகளை நிரப்புகிறது. பாலில் தண்ணீர் ஊற்றி லிட்டர் கணக்கைக் கூட்டுவது மாதிரிதான். அளவு கூடும், பால் கூடாது! 16 மடங்கு டிஜிட்டல் ஜூமும் இதே கதை. படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவதற்கு ஜூம் என்று பெயர்.

பார்க்க வேண்டியது சென்சாரின் அளவு. சின்னக் கேமராக்களில் வழக்கமாக இருந்த சென்சார் சுமார் 6.2 மில்லிமீட்டர் அகலம், 4.6 மில்லிமீட்டர் உயரம். பரப்பளவு 28 சதுர மில்லிமீட்டர். கேனான், நிக்கான் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் உள்ளது 330 முதல் 370 சதுர மில்லிமீட்டர். பன்னிரண்டு பதின்மூன்று மடங்கு! மழை பெய்யும்போது முற்றத்தில் டம்ளரை வைத்தால் எவ்வளவு பிடிக்கும், அண்டாவை வைத்தால் எவ்வளவு பிடிக்கும் என்று யோசித்தால் போதும். இங்கே மழை என்பது வெளிச்சம். இருட்டில் எடுத்த படம் புள்ளி புள்ளியாக அசிங்கமாக இருப்பதற்குக் காரணம் டம்ளர்தான்.

தேய்மானத்தை யார் ஏற்பது?

வணிகவியல் படிப்பவர்களுக்கு இந்தப் பகுதி புதிதல்ல. ஒரு சொத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைவது தேய்மானம். கேமரா பாடி, புது மாடல் வந்தவுடன் விலை சரியும் பொருள். ஆனால் அது எடுக்கும் படத்தின் தரம் அதனால் சரிவதில்லை. 2012-ல் வந்த நிக்கான் டி3200 அன்றே 24 மெகாபிக்சல். 2016-ல் வந்த கேனான் 1300டி 18 மெகாபிக்சல். இவை முதல் நாள் எடுத்த அதே தரத்தில்தான் இன்றும் எடுக்கும்.

2018-ல் நிக்கான் இசட், கேனான் ஆர்எஃப் என்று இரண்டு நிறுவனங்களும் கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமராக்களுக்குப் புது லென்ஸ் அமைப்பைக் கொண்டுவந்தன. பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருந்தவர்கள் பலர் அவற்றை விற்றுவிட்டு அந்தப் பக்கம் போனார்கள். விலைச் சரிவில் பெரிய பகுதியை அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அடுத்து வாங்குபவருக்கு அது மிச்சம்.

"டிஎஸ்எல்ஆர் செத்துப்போன தொழில்நுட்பம் ஆயிற்றே" என்று சிலர் பயமுறுத்துவார்கள். புது லென்ஸ்கள் இனி அதிகம் வராது என்பது உண்மை. ஆனால் கேனானின் ஈஎஃப் லென்ஸ் அமைப்பு 1987-லிருந்தும், நிக்கானின் எஃப் அமைப்பு 1959-லிருந்தும் இருப்பவை. இத்தனை ஆண்டுகளில் செய்து குவித்த லென்ஸ்களை ஒரு தொடக்கக்காரர் வாழ்நாளில் தீர்க்க முடியாது.

இந்த வாதத்தின் மையம் இதுதான்: முதல் கேமராவை வாங்கும் பலர் ஆறு மாதத்தில் அதை பீரோவில் வைத்துவிடுகிறார்கள். அது குற்றமில்லை, ஆசை தணிவது இயல்பு. ஆனால் எந்த விலையில் தணிகிறது? 15,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய கேமராவை ஒரு வருடம் கழித்து 12,000-க்கு விற்றால், கற்றுக்கொண்டதற்கான செலவு 3,000. அறுபதாயிரம் கொடுத்த புதியதை நாற்பதாயிரத்துக்கு விற்றால் நஷ்டம் 20,000, அதோடு தவணையும் பாக்கி. வசதியான வீட்டுப் பிள்ளை ஒரு ஆசையை முயன்று பார்த்துவிட்டு விட்டுவிடலாம். சீட்டுப் பணத்தில் வாங்கியவருக்கும் அந்தச் சுதந்திரத்தைக் கொடுப்பது பழைய கேமராதான்.

வட்டியில்லாத் தவணை?

2013-ல் ரிசர்வ் வங்கி, கிரெடிட் கார்டு நிலுவைக்கான பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டியானது செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் மறைக்கப்படுகிறது என்று வங்கிகளைக் கண்டித்தது. இன்றைய "நோ காஸ்ட்" தவணைகளில் வட்டிக்குச் சமமான தொகையைத் தள்ளுபடியாகக் காட்டுகிறார்கள். ஆனால் வட்டி மீதான ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் பெரும்பாலும் வாங்குபவர் தலையில்தான். சம்பாதிக்கத் தொடங்காதவர் பொழுதுபோக்குக்காகக் கடன் வாங்காமல் இருப்பது நல்லது. கல்யாண ஆர்டர் கையில் வந்த பிறகு கடன் வாங்கினால் அது தொழில் முதலீடு, அது வேறு கணக்கு.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. ஷட்டர் எண்ணிக்கை. தொடக்கநிலை டிஎஸ்எல்ஆருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கிளிக் ஆயுள் என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். நிக்கானில் படக் கோப்பிலேயே இந்த எண் பதிவாகும். கேனானில் பெரும்பாலும் தனி மென்பொருள் வேண்டும்.

2. லென்ஸில் பூஞ்சை. கடலோர ஊர்களில் ஈரக்காற்றால் இது சாதாரணம். லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி தெரியும். தெரிந்தால் வேண்டாம்.

3. சென்சார் அழுக்கு. துளையை எஃப் 16-க்குச் சுருக்கி, வெறும் வானத்தைப் படமெடுத்தால் கரும்புள்ளிகள் காட்டிக்கொடுக்கும்.

4. பில். ஒரிஜினல் பில் இல்லாத கேமரா திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் இணையத்தில் விற்பவராக இருந்தாலும் நேரில் பார்த்து, சோதித்து, எழுதி வாங்கிய பிறகே பணம்.

5. பேட்டரி, சார்ஜர். இரண்டும் ஒரிஜினலா, சார்ஜ் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. 2000-களின் சின்ன டிஜிட்டல் கேமராக்கள் இப்போது ஃபேஷனாகி, விலை ஏறியிருக்கின்றன. அவற்றில் சில எக்ஸ்டி கார்டு, மெமரி ஸ்டிக் போன்ற வழக்கொழிந்த கார்டுகளைக் கேட்கும். 2006-க்கு முன் வந்தவற்றில் பல, 2 ஜிபிக்கு மேல் உள்ள எஸ்டி கார்டை ஏற்காது. படம் கற்க விரும்புபவருக்கு இவை உதவாது.

மீதிப் பணம் எங்கே போக வேண்டும்?

லென்ஸுக்கு. பாடியுடன் வரும் 18-55 லென்ஸின் துளை, முழுதாக ஜூம் செய்தால் எஃப் 5.6. தனியாகக் கிடைக்கும் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ், அதைவிடப் பத்து மடங்குக்குச் சற்றே குறைவான வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஷட்டர் ஒரு நொடியில் 20-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டிய இடத்தில், 190-ல் ஒரு பங்கு போதும். மேடையில் ஆடுபவரின் கை கலங்காமல் விழுவது இதனால்தான். நிக்கான் வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டி3000, டி5000 வரிசைகளில் உள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ் என்று போட்ட லென்ஸ் வாங்காவிட்டால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். பாடியை மாற்றினாலும் லென்ஸ் கூடவே வரும், விலையும் அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

மொத்தத்தில், 20,000 ரூபாயில் பாடிக்கும் லென்ஸுக்கும் போக, ஓராயிரம் இரண்டாயிரம் மிச்சம் வைப்பது நல்லது. அது பஸ் டிக்கெட்டுக்கு. தேருக்கும் ஜல்லிக்கட்டுக்கும் மீன் ஏலத்துக்கும் போய் நின்று எடுத்தால்தான் படம் வரும். எந்தக் கேமராவும் அதை வீட்டிலிருந்தபடி எடுத்துத் தராது.