எதிர் நாற்காலியில் யார்?

ஜனவரியில் ஒரு நாள் இரவு பத்து மணி இருக்கும். எங்கள் மாலை வகுப்பில் படித்து வளர்ந்த பெண் போன் செய்தாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அப்பா கொத்தனார், அம்மாவுக்கு வயல் கூலி. அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு முழு உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்திருக்கிறாள்.

‘அண்ணே, இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. அந்தக் காலேஜ்ல முன்னாடி படிச்சவராம். இப்ப மெட்ராஸ்ல இருக்காராம். கம்ப்யூட்டர்லயே பேசுவாராம்’ என்றாள். சந்தோஷம்தானே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டாள்: ‘எந்த ஊரு, எந்த ஏரியான்னு கேட்டா என்னண்ணே சொல்ல? காலனின்னு சொல்லவா, ஊர்ப் பேர மட்டும் சொல்லிட்டு விட்ரவா?’

உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ரெண்டு நாள் டயம் குடும்மா என்றேன். அந்த ரெண்டு நாளில் நான் படித்ததும் யோசித்ததும்தான் இந்தத் தலையங்கம். இந்தக் கேள்வி அவளோடு நிற்கப் போவதில்லை. நாளைக்கு நம் பிள்ளைகள் இன்னும் பல பேர் இதைக் கேட்கத்தான் போகிறார்கள்.

முதலில் இந்த நேர்முகம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1900 வாக்கில் ஹார்வர்டில் சேர்ந்த புது மாணவர்களில் யூதர்கள் சுமார் 7 சதவீதம். 1922-இல் அது 20 சதவீதத்தைத் தாண்டியது. குடியேறிவந்த ஏழைத் தையல்காரர்களின், தள்ளுவண்டி வியாபாரிகளின் பிள்ளைகள் நுழைவுத் தேர்வை எழுதி மார்க் வாங்கி உள்ளே வந்துவிட்டார்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பொறுக்குமா? அப்போது ஹார்வர்டின் தலைவராக இருந்தவர் லாரன்ஸ் லோவெல். யூதர்களை 15 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும் என்று 1922-இல் வெளிப்படையாகவே சொன்னார். எதிர்ப்பு கிளம்பியது. ஆசிரியர் குழுவும் ஒத்துக்கொள்ளவில்லை.

லோவெல் விடவில்லை. 1926-இல் விதியை மாற்றினார்கள். மார்க் மட்டும் போதாது, ‘குணநலன்’ பார்க்க வேண்டும், ‘ஆளுமை’ பார்க்க வேண்டும் என்றார்கள். விண்ணப்பத்தோடு போட்டோ ஒட்டச் சொன்னார்கள். முடிந்த மட்டும் மாணவர்களை நேரில் பார்த்துப் பேசச் சொன்னார்கள். யூதன் என்ற வார்த்தை விதியில் எங்கேயும் இல்லை. ஆனால் யூத மாணவர் தொகை லோவெல் நினைத்த அளவுக்கு இறங்கி வந்தது. இதே லோவெல்தான் முதலாண்டு விடுதியில் கறுப்பின மாணவர்கள் தங்கக் கூடாது என்று தடை போட்டவர் என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தோழர்களே, இந்தக் கதை நமக்குப் புதுசா? மண்டலுக்கு எதிராக 1990-இல் ‘தகுதி, திறமை’ என்று தெருவில் கூச்சல் போட்டவர்கள், நம் பிள்ளைகள் மார்க் வாங்கி வந்து நின்றபோது என்ன செய்தார்கள்? ‘மார்க் மட்டும் போதுமா, பர்சனாலிட்டி வேண்டாமா’ என்று பேச்சை மாற்றினார்கள். ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100 மார்க், நேர்முகத்துக்கு 50 மார்க் என்று வைத்திருந்தார்கள். ஆளுக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான் பேச்சு. வழக்கு உச்சநீதிமன்றம் போனது. நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் மார்க் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று 1980-இல் அஜய் ஹாசியா வழக்கில் தீர்ப்பு வந்தது. ரெண்டு நிமிஷத்தில் ஒருவனுடைய குணம் தெரியுமா? பேரு தெரியும், பேச்சு தெரியும், நிறம் தெரியும், அப்பன் தொழில் தெரியும். தேவைப்பட்டதும் அதுதான்.

ஆக, இந்த நாற்காலியின் பிறப்பு நல்ல பிறப்பு இல்லை. அதற்காக நம் பிள்ளைகள் போகாமல் இருக்க முடியாது. இன்றைக்கு இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

எதிரில் உட்காருகிறவர் கல்லூரி அதிகாரி இல்லை. அங்கே படித்து முடித்துவிட்டு வேறு வேலையில் இருப்பவர். சம்பளம் இல்லாமல் கல்லூரிக்காக இதைச் செய்கிறார். பெரும்பாலும் உன் மார்க்கும் உன் கட்டுரையும் அவர் கையில் இருக்காது. உன் பெயர், பள்ளி, தொடர்பு விவரம் இருக்கும், அவ்வளவுதான். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பேசுவார். முன்பெல்லாம் காபிக் கடையில், நூலகத்தில் சந்திப்பார்கள். 2020 கொரோனாவுக்குப் பிறகு பல பேர் திரையிலேயே முடித்துவிடுகிறார்கள். பேசி முடித்ததும் ஓர் அறிக்கை எழுதி அனுப்புவார். சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது அவர் இல்லை. உன் மார்க், கட்டுரை, ஆசிரியர் கடிதம் எல்லாம் சேர்ந்த கட்டில் அந்த அறிக்கையும் ஒரு தாள். அதுவும் கனமான தாள் இல்லை.

நேர்முகத்துக்கு அழைப்பே வரவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம். எல்லோரையும் பார்க்க ஆள் போதாது, அதனால் அழைப்பு வராதது ஒரு குறையாகாது என்று கல்லூரிகளே சொல்கின்றன. பிரவுன் பல்கலைக்கழகம் இந்த நேர்முகத்தையே நிறுத்திவிட்டு, மாணவர்களிடம் சின்ன வீடியோ கேட்கிறது.

என்ன கேட்பார்கள்? பாடப் புத்தகத்துக்கு வெளியே என்ன செய்கிறாய், எது உனக்குப் பிடிக்கும், ஏன் இந்தக் கல்லூரி, வீட்டில் யார் யார், கடைசியில் ‘என்னிடம் கேட்க ஏதாவது இருக்கா’ என்பார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘ஒன்னுமில்ல சார்’ என்று எழுந்து வந்துவிடாதீர்கள். பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்று பழக்கப்படுத்தப்பட்ட பிள்ளைகள் நாம். அங்கே கேட்காமல் வந்தால் அக்கறை இல்லை என்று நினைப்பார்கள். விடுதி எப்படி, பணமில்லாத வீட்டுப் பிள்ளைகள் அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேளுங்கள். கோட்டு சூட்டு வேண்டாம், துவைத்த சட்டை போதும். இங்கிலீஷ் உருண்டு வர வேண்டியதில்லை. மெதுவாகப் பேசினாலும் உள்ளதைப் பேசினால் போதும். இதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் அவன் ஏமாற்றுக்காரன். குடும்பத்தின் பணநிலையைப் பார்க்காமல் வெளிநாட்டு மாணவர்களையும் தேர்வு செய்து, தேவையான உதவியைக் கொடுக்கிற கல்லூரிகள் சில இருக்கின்றன. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் அவற்றில் சேரும். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரில் இருப்பவர் எல்லாம் எதிரி என்று நினைக்கவும் வேண்டாம். ஹார்வர்டு மீது நடந்த வழக்கில் 2018-இல் வெளியே வந்த விவரம் ஒன்று இருக்கிறது. ஆசிய மாணவர்களை நேரில் பார்த்துப் பேசிய முன்னாள் மாணவர்கள், வெள்ளையருக்குக் கொடுத்ததை ஒட்டியே ஆளுமை மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். பெரும்பாலான பிள்ளைகளின் முகத்தையே பார்க்காத சேர்க்கை அலுவலகம்தான் குறைத்துப் போட்டிருந்தது. உட்கார்ந்து பேசும்போது சில நேரம் மனுசன் மனுசனாகத் தெரிகிறான்.

அந்த வழக்கு எங்கே போய் முடிந்தது என்பதையும் மறக்க வேண்டாம். ஆசிய மாணவர்களை முன்னால் நிறுத்தி நடத்திய அந்த வழக்கில், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அடி கறுப்பின மாணவர்களுக்கு. ஆனால் அப்பன் படித்த கல்லூரி என்று பிள்ளைக்குக் கொடுக்கிற சலுகையில் அந்தத் தீர்ப்பு கை வைக்கவில்லை. அதே வழக்கில் வெளியான கணக்குப்படி, முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 33 பேருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களில் 6 பேருக்கு. இது பரம்பரை இட ஒதுக்கீடு இல்லாமல் வேறென்ன? கலிபோர்னியா மாநிலம் 2024-இல் சட்டம் போட்டு, தனியார் கல்லூரிகளிலும் இந்தச் சலுகையைத் தடை செய்திருக்கிறது. மற்ற பல இடங்களில் போராட்டம் பாக்கி இருக்கிறது.

இனி அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

நம் ஊர்களில் இருக்கிற முன்னாள் மாணவர் யார்? ஒரு தலைமுறைக்கு முன்பே அமெரிக்கா போய்ப் படிக்க யாருக்கு வசதி இருந்தது என்று யோசித்தால் போதும். ‘உங்க ஊர்ல எந்தப் பக்கம்?’ என்று கேட்டால் அது எதை மோப்பம் பிடிக்கிற கேள்வி என்று நமக்குத் தெரியும். அந்தக் கல்லூரி அமெரிக்காவில் இருந்தாலும் கேட்கிற மூக்கு இங்கே வளர்ந்தது. சாதி கடல் தாண்டிப் போயிருக்கிறது என்பதை அங்கேயே சில இடங்களில் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். 2019-இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகமும், 2022-இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் பாகுபாட்டுக்கு எதிரான தங்கள் விதியில் சாதியைச் சேர்த்தன. நம் தோழர்கள் அங்கே போராடி வாங்கியது அது.

நான் அவளிடம் சொன்னது இதுதான். ‘சொல்றதும் சொல்லாததும் உன் உரிமைம்மா. சொல்லலைன்னா அது கோழைத்தனம் இல்ல. ஆனா பொய் சொல்லாத, பொய் சொன்னா அத ஞாபகம் வச்சுக்கிறதுலயே உன் நேரம் போயிடும். காயத்தத் தெறந்து காட்டி மார்க் கேக்கவும் வேணாம். நீ என்ன செஞ்சியோ அதச் சொல்லு. அவமானப்படுத்துற மாதிரி ஏதாவது கேட்டா தேதி போட்டு எழுதி வை, சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதுவோம்.’

பேசி முடித்த அன்று ராத்திரி அவளே கூப்பிட்டாள். அந்தக் கேள்வி வந்திருக்கிறது. ‘எந்தப் பக்கம்?’

‘காலனிப் பக்கம் சார்னு சொல்லிட்டேண்ணே. அங்க பைப்ல நாலு நாளைக்கு ஒரு தடவதான் தண்ணி வரும், எந்த நாளு, எத்தன மணிக்கு, எத்தன கொடம்னு ரெண்டு வருசமா நோட்டுல எழுதி வச்சிருக்கேன்னு சொன்னேன். அந்த நோட்டப் பத்தியே மீதி நேரம் பூராக் கேட்டாரு.’

‘காலனின்னு சொன்னதும் அவரு மூஞ்சி மாறுச்சா?’ என்று கேட்டேன்.

‘தெரியலண்ணே. திரையில சரியாத் தெரியல.’

முடிவு மார்ச் கடைசியில் வரும். இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பத்தாயிரக்கணக்கில் விண்ணப்பம் குவிகிற இடம் அது. கிடைக்காவிட்டால் அவளிடம் குறை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவும்தான் இதை முன்கூட்டியே எழுதுகிறேன்.

நமக்கு வேலை இருக்கிறது. மாணவத் தோழர்கள் தங்கள் ஊர்ப் படிப்பகத்தில் வாரம் ஒரு நாள் எதிரெதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பழகுங்கள். தமிழில் தொடங்கி இங்கிலீஷுக்குப் போங்கள். வெளிநாட்டில் படித்து முடித்த நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. பட்டம் வாங்கியதோடு ஒதுங்கிப் போகாதீர்கள். உங்கள் கல்லூரிக்கு எழுதி, நேர்முகம் செய்கிறவர் பட்டியலில் உங்கள் பெயரைச் சேருங்கள். அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்தால், அடுத்து வருகிற பெண்ணிடம் எந்தப் பக்கம் என்று கேட்க மாட்டீர்கள். நோட்டில் என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்பீர்கள்.

தோழமையுடன்,
ஆசிரியர்