பல்லுக்கு ஒரு தடுப்புச் சுவர்

"விலங்கியல் படிக்கிறவனுக்குப் பல் மருத்துவத்தில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கக்கூடும். அந்த வேலை என் அக்காள் மகன் வாயிலிருந்து வந்தது.

எங்கள் குடும்பம் தூத்துக்குடியிலிருந்து பிழைப்புத் தேடி விழிஞ்ஞத்தில் குடியேறியது. பையனுக்கு வயது ஆறு. கடைவாய்ப் பால்பல்லில் சொத்தை. ஒரு மருத்துவமனையில் அடைத்தார்கள். உமிழ்நீர் ஊறுகிறது, நாக்கு துழாவுகிறது, பஞ்சுச் சுருள் நனைந்து போகிறது. அந்த ஈரத்தில் வைத்த அடைப்பு மூன்றே வாரத்தில் பெயர்ந்து விழுந்தது. "ரப்பர் தடுப்புப் போடவில்லையா?" என்றேன். "குழந்தைக்கு எதற்கு? பயந்து அழும்" என்றார்கள்.

இது புதுமையன்று. நியூயார்க் பல் மருத்துவர் பார்னம் 1864-இலேயே கண்டது. மெல்லிய ரப்பர்த் தாள். குழந்தைக்கு 5 அங்குலச் சதுரம் போதும். அதில் துளையிட்டு, வேண்டிய பல்லை மட்டும் வெளியே நிறுத்திச் சிறு கவ்வியால் பிடித்துவிட்டால் பல் உலர்ந்திருக்கும். மருந்தும் தண்ணீரும் தொண்டைக்கு இறங்கா. திமிறுகிற பிள்ளையின் வாயில் கை தவறிய சிறு கருவி மூச்சுக்குழலுக்குள் போய்விட்டால்? எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது.

மூக்கடைப்புள்ள பிள்ளைக்கு இது ஆகாது. ரப்பர் ஒவ்வாதவருக்கு வேறு பொருளால் ஆன தாள் உண்டு. அடைப்பு நீடித்து நிற்கும் என்பதற்கு 2016-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஆதரவாகவே பேசுகிறது. சான்று இன்னும் வலுப்பெறவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறது. அறிவியல் மாணவன் அதை மறைக்கலாகாது. ஆனால் கருவி தொண்டைக்குள் விழாமல் காக்க எந்தப் புள்ளிவிவரத்துக்குக் காத்திருப்பது?

"அழும்" என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. இரண்டாவதாகப் போன இடத்தில் மருத்துவ அம்மையார் தாளைப் பையன் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். "பல்லுக்கு மழைக்கோட்டு" என்றார். ஈறு மரத்த பிறகே கவ்வியை மாட்டினார். வெளியே வந்தவன், "மாமா, என் பல் நனையவே இல்லை!" என்றான்.

நாட்டின் ரப்பரில் பெரும்பகுதி விளைவது கேரளத்தில். எங்கள் விழிஞ்ஞத்திலோ கடலுக்குள் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அலைத்தடுப்புச் சுவர் எழுப்பி 2025-இல் பெரிய துறைமுகமே திறந்தாயிற்று. ஒரு பல்லைச் சுற்றி 5 அங்குலத் தடுப்புப் போடத்தான் தயக்கம்! தம்பி தங்கையரையும் மருமக்களையும் அழைத்துச் செல்லும் நாம், பிள்ளை நாற்காலியில் அமருமுன் இதைக் கேட்டுவிட வேண்டும்.

"விழப்போகிற பல்லுக்கு இவ்வளவு பாடா?" என்று அக்காள் இன்னும் முணுமுணுக்கிறாள். அது விழ இன்னும் நாலைந்து ஆண்டுகள் இருக்கின்றன. அதுவரை அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்க வேண்டியது அந்தப் பல்தான்.